வறுமைக் கோட்டிலிருந்து தொடங்குங்கள்: பொருளாதாரத் தத்துவம் பழக ஒரு வழி

பொருளாதாரச் செய்திகளை விடாமல் படிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் சலிப்பு தட்டும். வறுமை குறைந்துவிட்டது என்கிறார் ஒருவர், அதெல்லாம் இல்லை என்கிறார் இன்னொருவர். இருவர் கையிலும் புள்ளிவிவரம் இருக்கிறது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டி, நமக்குப் பிடித்த பக்கம் போய் நின்றுகொள்கிறோம். பெரும்பாலும் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். எதை அளப்பது, எப்படி அளப்பது, அளந்ததை வைத்து என்ன செய்வது என்ற மூன்று இடங்களில் இருவரும் வேறு வேறு முடிவு எடுத்திருப்பார்கள். அந்த முடிவுகளைத் தோண்டி வெளியே எடுப்பதுதான் பொருளாதாரத் தத்துவத்தின் வேலை.

இதற்கான பாடநூல்கள் பலவும் ‘அறிவியல் என்றால் என்ன’ என்று தொடங்கி, வெகுதூரம் போன பிறகே காசு பணத்தைப் பற்றிப் பேசும். புதிதாக வருகிறவர் அதற்குள் கழன்றுகொள்வார். அதனால் தலைகீழாகப் போகலாம் என்பேன். ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அதை விடாமல் துருவுங்கள். இந்தியாவின் வறுமைக் கோடு இதற்குத் தோதான எண். நூறாண்டுக்கு மேல் வரலாறு உண்டு, ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, சண்டையும் இன்னும் ஓயவில்லை. சதவீதக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு நோட்டு வேண்டும்.

படி 1: ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

2011-12ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏழைகள் எத்தனை பேர்? பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழுவின் முறைப்படி, மத்திய அரசின் திட்டக் குழு 2013 ஜூலையில் சொன்ன பதில் 21.9 சதவீதம், சுமார் 27 கோடிப் பேர். கோடு, ஒரு நபருக்கு மாதச் செலவு கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய்; அதற்குக் கீழே செலவழிப்பவர் ஏழை. அடுத்த ஆண்டே இன்னொரு பொருளாதார அறிஞரான சி. ரங்கராஜனின் குழு அறிக்கை வந்தது. அதில் கோடு 972 ரூபாய், 1,407 ரூபாய். ஏழைகள் 29.5 சதவீதம், 36.3 கோடி.

அதே நாடு, அதே ஆண்டு. இடையில் ஒன்பது கோடிக்கும் மேற்பட்டோர் ஏழைகளாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தட்டிலும் ஒரு பருக்கை கூடவோ குறையவோ இல்லை.

இந்த இரண்டு வரிகளையும் எழுதிவிட்டு, ‘எது சரி?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

படி 2: அளக்கப்படும் பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

கிலோவுக்கும் மீட்டருக்கும் இந்தச் சிக்கல் இல்லை. வறுமை என்பது அப்படி வெளியே கிடக்கும் பொருள் அல்ல. எது வறுமை என்று முதலில் யாரோ சொல்லியாக வேண்டும். சொன்னவர்கள் யார், எதை வைத்துச் சொன்னார்கள் என்று பின்னோக்கிப் போங்கள்.

தாதாபாய் நவ்ரோஜி 1867-68 விலைகளை வைத்து, ஓர் ஆள் உயிர்வாழ ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வரை தேவை என்று கணக்கிட்டார். எந்த உணவை அடிப்படையாக எடுத்தார் தெரியுமா? கூலிகளாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களுக்குக் கடல் பயணத்தின்போது கொடுக்க வேண்டியது என்று விதிக்கப்பட்டிருந்த உணவுப் பட்டியலை. கப்பலில் வேலை கிடையாது, சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கான சோறு அது. நாள் முழுக்க வெயிலில் நின்று உழைப்பவருக்கு அது போதாது. நவ்ரோஜிக்கு இது தெரியும். இந்தக் குறைந்த அளவுகூட நம் மக்களுக்குக் கிடைப்பதில்லை என்று ஆங்கில அரசின் முகத்துக்கு நேரே காட்டுவதுதான் அவர் நோக்கம். அந்த வாதத்துக்குக் கோடு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு பலம். ஒரு வரையறை எந்த வாதத்துக்காகச் செய்யப்பட்டது என்று பார்க்காமல் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்புறம் 1962. திட்டக் குழு அமைத்த நிபுணர்கள், ஒரு நபருக்கு மாதம் 20 ரூபாய் என்று சொன்னார்கள் (1960-61 விலையில்). அதில் படிப்புச் செலவும் மருத்துவச் செலவும் சேரவில்லை. அவை இரண்டையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. எழுதப்பட்ட நாளில் அது நியாயமான அனுமானம்தான். ஆனால் அரசு பார்த்துக்கொள்ளாத இடங்களில் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்கியவரும் கோட்டுக்கு மேலேயே நிற்பார். நோட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ‘இந்த எண் உண்மையாக இருக்க, வேறு எது உண்மையாக இருக்க வேண்டும்?’ இந்த ஒரு கேள்வியைப் பழகிக்கொண்டாலே பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

1979இல் கலோரி வந்தது. கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100. எந்த அளவு செலவு செய்பவர்கள் சராசரியாக அந்தக் கலோரியை உண்கிறார்களோ, அந்தச் செலவே வறுமைக் கோடு. பார்க்க அறிவியல் போல இருக்கிறது, யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காத எண் போலத் தோன்றுகிறது. ஆனால் வறுமையின்மை என்றால் கலோரி என்று முடிவு செய்தது உடலியல் அல்ல, மனிதர்கள். அதோடு, பிற்பாடு விலைவாசிக்கு ஏற்பக் கோட்டை உயர்த்திக்கொண்டே போனார்களே தவிர, கோட்டில் நிற்பவர் இன்னமும் 2,400 கலோரி சாப்பிடுகிறாரா என்று கோட்டைத் திருத்தவில்லை. காலப்போக்கில் அவர் அதைவிடக் குறைவாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள், விஷயம் சுவாரஸ்யமானது. பொருளாதார அறிஞர்கள் ஆங்கஸ் டீட்டனும் ஜான் டிரேசும் 2009இல் எழுதிய கட்டுரையில் ஒரு புதிரைப் பேசுகிறார்கள். 1980களுக்குப் பிறகு இந்தியாவில் வருமானம் உயர்ந்தது, ஆனால் தலைக்கு உண்ணும் கலோரி குறைந்தது. ஏன்? வேலை இலகுவானது, தண்ணீர் இறைப்பதற்கும் நடப்பதற்கும் உடம்பு செலவழிவது குறைந்தது, அதனால் பசியும் குறைந்தது என்று ஒரு விளக்கம் சொல்லலாம். பள்ளிக் கட்டணமும் பஸ் கட்டணமும் மருந்தும் சோற்றுக் காசைத் தின்றுவிட்டன என்று நேரெதிர் விளக்கமும் சொல்லலாம். பருப்பை ஒரு கிலோவிலிருந்து அரை கிலோவாகக் குறைத்த குடும்பத்தின் ரசீதைப் பார்த்தால், குறைத்தது தெரியும். போதும் என்று குறைத்தார்களா, வேறு வழியின்றிக் குறைத்தார்களா என்பது ரசீதில் இருக்காது. மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதிலிருந்தே அவர்கள் விருப்பத்தைப் படித்துவிடலாம் என்பது பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1938இல் தொடங்கி வைத்த ஒரு பெரிய சிந்தனைப் போக்கு. மனதுக்குள் எட்டிப் பார்க்காமலே பொருளாதாரம் செய்ய அது உதவியது. அதன் எல்லை எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பருப்பு காட்டிவிடும்.

டெண்டுல்கர் குழு 2009இல் கலோரியைக் கைவிட்டது. படிப்பு, மருத்துவச் செலவுகளையும் கணக்கில் சேர்த்தது. ஆனால் எங்கிருந்து தொடங்கியது? ஏற்கெனவே இருந்த நகர்ப்புற வறுமைக் கோட்டை அப்படியே ஏற்று, அங்கிருந்துதான். பழையதைத் திருத்த வந்தவர்களும் பழையதில் ஒரு காலை ஊன்றித்தான் நிற்க வேண்டியிருந்தது. இதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். முழுக்கப் புதிதாக வரைந்த கோட்டில் வரும் எண்ணை, முந்தைய ஆண்டுகளுக்கு ஏற்கெனவே அறிவித்த எண்களோடு ஒப்பிடவே முடியாது.

படி 3: கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பாருங்கள்

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை. சமையல் பொறுப்பில் இருப்பவரிடம் கேளுங்கள்: “போன ஒரு வாரத்துல எவ்வளவு எண்ணெய் செலவாச்சு?” பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து, “போன ஒரு மாசத்துல எவ்வளவு?” என்று கேளுங்கள். முதல் பதிலை நான்கேகாலால் பெருக்கி இரண்டாவதோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ஆச்சரியம்தான்.

வறுமைக் கணக்குக்கு அடிப்படையான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு (வீடுகளில் செலவுக் கணக்கு கேட்கும் அரசு ஆய்வு) அந்நாளில் வழக்கமாக உணவுக்கு 30 நாள் கணக்கு கேட்டது. 1990களில் சோதனையாகச் சில சுற்றுகளில் 7 நாள் கணக்கும் கேட்டுப் பார்த்தார்கள். 7 நாள் கணக்கில் மக்கள் சொல்லும் செலவு கூடியது. செலவு கூடினால் ஏழைகள் குறைவார்கள். கேள்வியில் நாளை மாற்றியதிலேயே வறுமை ஏறக்குறைய பாதியாகிவிட்டது! 1999-2000 சுற்றில் ஒரு சமரசம் செய்தார்கள். ஒரே படிவத்தில் 7 நாளுக்கு ஒரு பத்தி, 30 நாளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி. இரண்டும் அருகருகே இருந்தால் என்ன நடக்கும்? முதல் பதிலோடு முட்டாமல் இரண்டாவது பதிலைச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 சதவீதத்துக்கு இறங்கியதாக அறிவிப்பு வந்தது. இறக்கத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு படிவத்தின் வேலை என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். தாராளமயமாக்கல் நடந்த பத்தாண்டு என்பதால் ஒவ்வொருவருக்கும் தங்கள் பக்கம் ஜெயிக்க வேண்டியிருந்தது.

தத்துவத்தில் ‘கோட்பாடு கலக்காத பார்வை கிடையாது’ என்று ஒரு பழைய வாதம் உண்டு. அதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இந்தப் படிவத்தில் பார்ப்பது எளிது.

படி 4: அனுமானங்களைப் பட்டியல் போடுங்கள், முக்கியமாக வீட்டுக்குள்

அனுமானம் பொய்யாக இருந்தால் என்ன, கணிப்பு பலித்தால் சரி என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1953இல் ஒரு கட்டுரை எழுதினார். பொருளாதார முறையியலில் அதிகம் சண்டை மூட்டிய கட்டுரை அது. படிக்கத் தொடங்குபவர்கள் பலர் அதில் மயங்கிவிடுவார்கள், வாதம் அவ்வளவு சாமர்த்தியமானது. ஆனால் வறுமைக் கோட்டின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். கோடு எதையும் கணிப்பதில்லை. நாளைக்கு இது நடக்கும் என்று அது சொல்லவில்லை, இவர் ஏழை, இவர் ஏழை இல்லை என்று மட்டுமே சொல்கிறது. பலிக்கிறதா என்று சோதிக்க எதுவும் இல்லாத இடத்தில் அனுமானம்தான் எல்லாமே.

அப்படி ஒரு அனுமானம், குடும்பச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பது. ஐந்து பேர் வீட்டில் மாதம் 6,000 ரூபாய் செலவு என்றால் ஆளுக்கு 1,200. அந்த வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுபவருக்கும் கணக்கில் 1,200தான். ஒரு வீட்டுக்குள்ளேயே ஒருவர் ஏழையாகவும் இன்னொருவர் ஏழையல்லாதவராகவும் இருக்கலாம் என்ற சாத்தியத்தை இந்த வகுத்தல் அடைத்துவிடுகிறது. எளிமைக்காகச் செய்தார்கள், வேறு வழியும் குறைவு. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்றாகப் புரியும் இன்னொன்று, ரேஷன் அரிசி. காசு கொடுக்காமல் வாங்கிய அரிசிக்குச் செலவுக் கணக்கில் என்ன விலை? பூஜ்யமா, கடை விலையா? 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டியது. இலவசப் பொருள்களுக்கு மதிப்புப் போடாவிட்டால் கிராமத்தில் தலைக்கு மாதம் 3,773 ரூபாய், போட்டால் 3,860. நகரத்தில் 6,459, 6,521. இரண்டையும் வெளியிட்டது நல்ல வழக்கம். எந்த எண்ணை எடுப்பது என்ற முடிவை வாசகர் கண்முன்னே வைத்துவிட்டார்கள்.

படி 5: ‘இருக்கிறது’ என்பது எங்கே ‘வேண்டும்’ ஆகிறது என்று பிடியுங்கள்

இருப்பதைச் சொல்லும் வாக்கியங்களிலிருந்து, செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியத்துக்கு எழுத்தாளர்கள் சத்தமில்லாமல் தாவிவிடுகிறார்கள் என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740இல் சுட்டிக்காட்டினார். பொருளாதாரத்தில் இந்தத் தாவல் பல நேரம் சூத்திரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

கோடு 1,000 ரூபாய். ஐந்து பேர், அவர்கள் மாதச் செலவு 990, 980, 700, 500, 400. ஐவரும் ஏழைகள். உங்கள் கையில் 30 ரூபாய் இருக்கிறது. முதல் இருவருக்கு 10, 20 என்று கொடுத்தால் அவர்கள் கோட்டைத் தொட்டுவிடுவார்கள், ஏழைகள் மூவராகக் குறைவார்கள். அதே 30 ரூபாயைக் கடைசி ஆளுக்குக் கொடுத்தால் அவர் 430க்கு வருவார், ஏழைகள் எண்ணிக்கை ஐந்தாகவே நிற்கும். இன்னும் மோசம்: உங்கள் கையில் காசே இல்லை என்று வையுங்கள். 400 ரூபாய்க்காரரிடமிருந்து 30 ரூபாயைப் பிடுங்கி மேலே உள்ள இருவருக்குக் கொடுங்கள். வறுமை ஐந்திலிருந்து மூன்றாகிவிட்டது. அமைச்சர் மேடையில் சொல்லலாம்.

தலைகளை எண்ணுவதில் உள்ள இந்தக் கோளாறைத்தான் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1976 கட்டுரையில் எடுத்துக்காட்டினார். கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறார்கள், ஏழைகளுக்குள்ளேயே எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதையும் சேர்க்கும் அளவீட்டை முன்வைத்தார். சரி, மிகக் கீழே இருப்பவருக்கு எவ்வளவு கூடுதல் எடை? இரண்டு மடங்கா, பத்து மடங்கா? இதற்குக் கணக்கில் விடை கிடையாது. ஒருவர் துன்பத்தை இன்னொருவர் துன்பத்தோடு ஒப்பிடுவது அறிவியலின் வேலையே அல்ல என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் லயனல் ராபின்ஸ் 1932இல் வாதிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு ஒப்பிடாமல் விட்டாலும் தப்பிக்க முடியாது. வெறும் தலைக்கணக்கு எடுத்தால், 400 ரூபாய்க்காரருக்கும் 990 ரூபாய்க்காரருக்கும் ஒரே எடை என்று முடிவு செய்தவர் ஆகிவிடுகிறோம்.

பணத்தை விட்டுவிட்டு வேறு வழியில் போனாலும் இதே கதைதான். திட்டக் குழுவுக்குப் பதிலாக வந்த நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள் என்று 12 அம்சங்களைப் பார்க்கிறது. எடை போட்டுக் கூட்டியதில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமை சேர்ந்தால் அந்தக் குடும்பம் ஏழை. ஏன் மூன்றில் ஒரு பங்கு, ஏன் பாதி இல்லை? 12இல் வங்கிக் கணக்கும் ஒன்று. வீட்டில் ஒருவருக்குக் கணக்கு இருந்தால் போதும், அதில் காசு இருக்க வேண்டியதில்லை. தலைக்கணக்கைவிட இது எனக்குப் பிடித்த அளவீடுதான், ஆனால் இதையும் அதே கேள்விகளோடுதான் படிக்க வேண்டும்.

படி 6: எண்ணின் வேலை என்ன என்று கேளுங்கள்

2011 செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. உணவு உரிமை கேட்டு 2001இல் தொடங்கிய வழக்கு அது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழித்தால் ஏழை இல்லை என்பதே அதன் பொருள் என்றதும் நாடு முழுக்கக் கோபம் தீப்பிடித்தது. அந்தக் காசில் வாழ்ந்து காட்டுங்கள் என்று சவால் விட்டார்கள். திட்டக் குழுவின் தரப்பிலும் சொல்ல ஒன்று இருந்தது. 32 ரூபாய் ஒரு தலைக்கு. கைக்குழந்தையையும் சேர்த்து ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 4,800 ரூபாய் சொச்சம். தாழ்வான கோடுதான், ஆனால் பலர் நினைத்த அளவுக்கு அபத்தம் இல்லை.

கோபத்தின் உண்மையான காரணம் வேறு இடத்தில் இருந்தது. அந்தக் கோடு இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிட நிலைமை தேவலையா என்று பார்ப்பது ஒன்று. அதற்குக் கோடு எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் பாதகமில்லை, ஒரே மாதிரி அளந்தால் போதும். யாருக்கு மலிவு விலையில் அரிசி கொடுப்பது, எத்தனை கார்டுக்கு மத்திய அரசு ஒதுக்கீடு செய்வது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்குக் கோடு தாழ்ந்தால் ஒருவரின் சோறு போய்விடும். அளவுகோலாகச் செய்ததைக் கதவாகப் பயன்படுத்தினார்கள்.

1997இல் பொது விநியோகத் திட்டம் ஏழைகளை மட்டும் குறிவைப்பதாக மாற்றப்பட்டபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற பழைய வழியையே தொடர்ந்தது. குறிவைக்கும்போது இரண்டு தவறு நடக்கலாம். தகுதி உள்ளவர் விடுபடலாம், தகுதி இல்லாதவர் நுழையலாம். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தத் தவறு மோசம் என்பது புள்ளியியல் கேள்வியே அல்ல. பசித்தவர் விடுபடுவதுதான் மோசம் என்பது என் கட்சி, அதனால் தமிழ்நாடு செய்தது சரி என்பேன். நீங்கள் எதிர்க்கட்சி என்றால் வாதம் இருக்கிறது: காரில் வந்து அரிசி வாங்குபவருக்குப் போகும் பணத்தை, நிஜமாகவே இல்லாதவருக்கு இரண்டு மடங்காகக் கொடுத்திருக்கலாம் அல்லவா? நோட்டில் உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தின் வாதத்தை அதன் ஆளே ஒப்புக்கொள்ளும்படி எழுதிப் பாருங்கள். இந்தப் பயிற்சியில் கஷ்டமான பகுதி இதுதான்.

படி 7: ‘எல்லாம் டுபாக்கூர்’ என்ற குழியில் விழாதீர்கள்

இதுவரை வந்தவர்களில் பாதிப்பேர் இங்கே சறுக்குவார்கள். எண்ணுக்குள் மனித முடிவு இருக்கிறது என்றால் எல்லா எண்ணும் கட்டுக்கதை என்று தோன்றும். டெண்டுல்கர் கோட்டைப் போட்டாலும் ரங்கராஜன் கோட்டைப் போட்டாலும் 2009-10க்கும் 2011-12க்கும் இடையில் வறுமை குறைந்தது என்றே வருகிறது. எவ்வளவு பேர் என்பதில் ஒன்பது கோடி வித்தியாசம், எந்தத் திசை என்பதில் வித்தியாசம் இல்லை. முடிவுகளை மாற்றினாலும் எது மாறாமல் நிற்கிறது என்று தேடுங்கள். நின்றால் அதை நம்பலாம். ஆடினால், ஆட்டும் முடிவு எது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இந்தச் சுற்று முடிந்ததும் அடுத்த எண்ணாக வேலையின்மை விகிதத்தை எடுங்கள். தொழிலாளர் கணக்கெடுப்பில் ‘நடப்பு வார நிலை’ என்று ஒரு வரையறை இருக்கும். கடந்த ஏழு நாளில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடையில் உதவியாக நிற்பவரும் அப்படியே. யார் வரைந்த வரையறை, எதற்காக, இதனால் யார் கணக்கிலிருந்து மறைகிறார்கள் என்று இரண்டாவது படியிலிருந்து ஆரம்பியுங்கள்.